டிவி வயர்களைச் சுவருக்குள் மறைக்க: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவரில் டிவியை மாட்டிய அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மறுநாள் செட்டாப் பாக்ஸ் வரும். அடுத்த வாரம் சவுண்ட் பார் வரும். மாதம் முடிவதற்குள் டிவியின் அடியிலிருந்து நான்கைந்து கறுப்பு வயர்கள் ஆலம்விழுதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களின் கண் படத்தில் படுவதற்கு முன் அந்த விழுதில்தான் படும்.

இதற்கு வழி தேடினால் முதலில் அகப்படுபவை அமெரிக்க வீடியோக்கள். ஜிப்சம் பலகைச் சுவரில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, நடுவிலுள்ள வெற்றிடத்தில் வயரை இறக்கி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். நம் ஊர்ச் சுவர் செங்கல்லும் சிமெண்டும். உள்ளே வெற்றிடம் கிடையாது. வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். எனவே அந்த வீடியோக்களை ரசித்துவிட்டு மூடிவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் செங்கல் சுவருக்கானது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவரில் குடியிருக்கப்போவது பைப். வயர், அதற்குள் வந்து போகிற விருந்தாளி. எங்கள் பழைய வீட்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே காடிக்குள், அதாவது சுவரில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள் வைத்து, மேலே சிமெண்ட் பூசச் சொன்னேன். வேலை செய்தவர் தயங்கினார், நான்தான் அவசரப்படுத்தினேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னத் தொடங்கின. பின்னர் படமே போயிற்று. முந்நூறு நானூறு ரூபாய்க் கேபிளுக்காகச் சுவரை மறுபடி கொத்தி, பூசி, அந்தச் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு பகுதிக்கு மட்டும் அடித்தால் திட்டுத் தெரியும் என்பது பெயிண்டர் சொல்லித்தான் புரிந்தது.

டிவியின் பவர் வயர் சுவருக்குள் போகக்கூடாது

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டிவியோடு வருகிற, நுனியில் பிளக் உள்ள மெல்லிய பவர் வயர், வெளியில் கண்ணுக்குத் தெரியும்படி பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ சுவருக்குள் புதைத்தால், உறை தேய்ந்தாலும் எலி கடித்தாலும் இணைப்பு சூடானாலும் வெளியே தெரியாது. தெரியும்போது புகையாகத் தெரியும். ஒட்டுப்பலகைப் பேனல் அடித்து அதன் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிடுவதும் இதே தவறுதான்; மரம் பக்கத்தில் இருப்பதால் இன்னும் மோசம்.

சரியான வழி, டிவிக்குப் பின்னாலேயே ஒரு புது 6 ஆம்பியர் சாக்கெட் வைப்பது. அதற்கான கரண்ட், பக்கத்து போர்டிலிருந்து 20 மி.மீ. பைப் வழியாக முறையான வீட்டு வயரில் வர வேண்டும்: 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், ஐஎஸ் 694 முத்திரையுடன், ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று. 43 அங்குல எல்இடி டிவி பொதுவாக 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1,380 வாட் தாங்கும். ஆகவே ஏசி லைனிலிருந்து இழுக்க வேண்டிய தேவையே இல்லை, இழுக்கவும் கூடாது.

இந்தச் சாக்கெட் வேலையை நீங்களே செய்யாதீர்கள். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதைத் தவிர, புதிய வயரிங் வேலையை உரிமம் உள்ளவரைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்பது இந்திய மின்விதி. அளவெடுப்பது, பைப் பதிப்பது, எச்டிஎம்ஐ கேபிள், இணையத்துக்கான லேன் கேபிள் இழுப்பது ஆகியவற்றை நீங்கள் செய்யலாம். கரண்ட் ஓடுகிற வயரைத் தொடுவது எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் வரும்போது பக்கத்தில் நின்று என்னென்ன பார்க்கலாம், கேட்கலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள்

டிவியின் அகல உயரத்துக்குச் செய்தித்தாள்களைச் சேர்த்து ஒட்டி, சுவரில் பசைநாடாவால் பொருத்துங்கள். 43 அங்குல டிவி என்றால் ஏறத்தாழ 38 அங்குல அகலம், 22 அங்குல உயரம். வழக்கமாக உட்காருகிற சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். தாளின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வர வேண்டும். தரையிலிருந்து மூன்றரை அடி, அதிகம் போனால் நான்கு. கடைகளில் மாட்டியிருப்பதைப் பார்த்து ஐந்தடியில் மாட்டிவிட்டுக் கழுத்து வலியோடு திரிபவர்கள் உண்டு. ஒரு நாள் முழுக்கத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். இரவு விளக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது, கதவு திறந்தால் இடிக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பிறகு அந்தத் தாளின் மேலேயே டிவி ஸ்டாண்டின் இரும்புத் தகடு வரும் இடத்தைக் குறியுங்கள். சாக்கெட்டும் கேபிள் வாயும் அந்தத் தகட்டின் மேல் வரக்கூடாது. டிவியின் ஓரத்திலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒட்டினாற்போல் மாட்டும் ஸ்டாண்டில் சுவருக்கும் டிவிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். மூன்று முள் பிளக் சாக்கெட்டில் செருகியதும் நான்கைந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான எல்இடி டிவிகளில் கீழ்ப்பாதிதான் புடைத்திருக்கும், மேல்பாதி மெலிதாக இருக்கும். அதனால் சாக்கெட்டை மேல்பாதிக்குப் பின்னால் வைத்தால் இடம் கிடைக்கும். டிவியைத் திருப்பிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். எச்டிஎம்ஐ வாய்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

வெட்டுவதற்கு முன் அரை நாளை இதற்காகவே ஒதுக்குங்கள்.

கான்கிரீட் தூணிலோ பீமிலோ கை வைக்காதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் கம்பிதான் கட்டடத்தைத் தாங்குகிறது. தட்டிப் பார்த்தால் கான்கிரீட் கெட்டியாக ஒலிக்கும். செங்கல் சற்று மந்தமாக ஒலிக்கும். ஆணி அடிக்க முயன்று வளைந்துபோன இடம் எது என்று வீட்டில் கேட்டாலே பாதித் தூண்கள் தெரிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரே கான்கிரீட்டாக இருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

நம் வீடுகளில் வயரிங் பைப் பெரும்பாலும் கூரைத் தளத்திலிருந்து சுவிட்ச் போர்டுக்கு நேராக இறங்கும். ஆகவே எந்தப் போர்டாக இருந்தாலும், அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒரு சாண் அகலத்துக்குள் பைப் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கே குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாய் இருக்கும். மறுபக்கத்தில் ஏற்கெனவே காடி வெட்டிய இடத்துக்கு நேர் எதிரே இந்தப் பக்கமும் வெட்டினால் சுவர் அந்த இடத்தில் அட்டையாகிவிடும்.

அடுத்தது கரண்ட். அந்த அறையின் எம்சிபியை (மெயின் போர்டில் அந்த லைனுக்கென்று உள்ள சுவிட்சை) மட்டும் அணைத்தால் போதாது; சுவருக்குள் பக்கத்து அறைக்குப் போகிற லைனும் இருக்கலாம். மெயினையே அணைத்தாலும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். மின்வெட்டுக்குப் பழகிய நம் வீடுகளில் பலருக்கும் மறந்துபோகிற ஆபத்து இது. இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் துண்டியுங்கள். அந்தச் சுவருக்குள் ஓடும் எல்லா லைனையும் அணைத்துவிட்டு, வெட்டும் மெஷினுக்கு வேண்டிய கரண்டை, அந்தச் சுவரோடு தொடர்பில்லாத தூரத்து அறையிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் எடுங்கள். எந்த லைன் எந்த எம்சிபியில் வருகிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வெட்டும் வேலையையும் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுவது நல்லது. டெஸ்டரை நம்புவதற்கு முன் கரண்ட் இருப்பது உறுதியான சாக்கெட் ஒன்றில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். எரியாத டெஸ்டரும் கரண்ட் இல்லாத வயரும் பார்வைக்கு ஒன்றுதான்.

பைப்பின் கணக்கு

எச்டிஎம்ஐ கேபிள் மெலிது; அதன் தலை தடிமன். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து ஏறக்குறைய 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 21, 22 மி.மீ.தான் வரும். மூலைக்கு மூலை அளந்தால் தலை அதைவிடப் பெரிது. கடைக்காரர் “தாராளமாகப் போகும்” என்று சொல்லுவார். கையில் ஒரு கேபிளைக் கொண்டுபோய் அங்கேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு பெரிய பைப் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. கட்டுமான விதிப்படி, நெடுக்காக வெட்டும் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அறைகளுக்கு இடையே உள்ள நாலரை அங்குலச் சுவரின் செங்கல் கனம் 115 மி.மீ. மூன்றில் ஒன்று 38. மேலே 12 மி.மீ. பூச்சு இருப்பதால் மொத்தம் 50 மி.மீ. ஆழம் வரை போகலாம். 32 மி.மீ. பைப் அதற்குள் நன்றாக அடங்கும். ஒன்பது அங்குலச் சுவரென்றால் 40 மி.மீ. பைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு எச்டிஎம்ஐயும் ஒரு லேன் கேபிளும் நெருக்கமில்லாமல் போகும். நாலரை அங்குலச் சுவரில் குறுக்காகப் போவதென்றால் செங்கல்லில் 19 மி.மீ.தான் அனுமதி. அதாவது, கேபிள் பைப்புக்குக் குறுக்கு வழி கிடையாது. செட்டாப் பாக்ஸ் வைக்கும் அலமாரியை டிவிக்கு நேர் கீழே வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வாங்கும் பைப் வயரிங்குக்கான பிவிசி பைப்பாக இருக்கட்டும், ஐஎஸ் 9537 முத்திரையோடு. மெலிந்த ரகம் வேண்டாம், மீடியம் அல்லது ஹெவி. கூர்மையான எல்போ ஒன்றைக்கூட நடுவில் போடாதீர்கள். எச்டிஎம்ஐ தலை அங்கே வந்து நின்றுவிடும். திரும்ப வேண்டிய இடத்தில் நீண்ட வளைவுள்ள பெண்ட் போடுங்கள். மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் ஒவ்வொன்றாக இரண்டு பெண்ட் போதும்.

பவர் பைப் தனி, கேபிள் பைப் தனி. இரண்டையும் ஒரே பைப்பில் விடக்கூடாது. 230 வோல்ட் வயரின் உறை எங்காவது உரிந்தால் அந்தக் கரண்ட் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் உங்கள் கைக்கும் வரும். இரண்டு பைப்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். படத்தில் இரைச்சல் வராமலிருக்கவும் அது உதவும்.

வெட்டும் நாள்

அறையிலுள்ள சாமான்களை வெளியேற்றுங்கள். மிச்சமிருப்பதைத் துணியால் மூடி, கதவிடுக்கை நனைத்த துணியால் அடையுங்கள். செங்கல் தூசி சமையலறை டப்பா வரை போகும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு; கைக்குட்டை கட்டினால் போதாது, தூசிக்கான முகமூடி வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் அவசியம். கட்டிங் மெஷினின் பிளேடு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அப்படி ஒருவர் வந்தால் மூடியை மாட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தூக்குக்குண்டு பிடித்துப் பைப்பைவிட ஒரு சென்டிமீட்டர் அதிக அகலத்தில் இரண்டு நேர்கோடு போடுங்கள். கோட்டின் மேல் மெஷினால் வெட்டி, நடுவிலுள்ள செங்கல்லை உளியாலும் சுத்தியலாலும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். மெஷின் இல்லாமல் நேராக உளியை வைத்து அடித்தால் பூச்சு அகலமாகப் பெயர்ந்துவிடும். நாலரை அங்குலச் சுவரில் மறுபக்கமும் விரிசல் விழும். வீட்டுச் சுவர் ஏஏசி கல்லாக (எடை குறைந்த, நுண்துளையுள்ள கான்கிரீட் கல்லாக) இருந்தால் பலமாக அடிக்கவே வேண்டாம். அது கைக்கருவியாலேயே சுரண்ட வரும்.

பைப்பைக் காடியில் வைத்து, மேலே குறைந்தது 12 மி.மீ. கலவை மூடும்படி ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கங்கே ஆணி அடித்துக் கம்பியால் கட்டுங்கள். பிறகு, பூசுவதற்கு முன்னால், இரண்டு வேலை.

ஒன்று: பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்றை விட்டு, அதில் எச்டிஎம்ஐ கேபிளைக் கட்டி, மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள். தடங்கல் இருந்தால் இப்போதே தெரியட்டும். பார்த்ததும் கேபிளை வெளியே எடுத்துவிடலாம். கயிறு உள்ளேயே இருக்கட்டும்.

இரண்டு: பைப்பின் இரு வாயிலும் துணியைத் திணித்து, மேலே நாடா சுற்றுங்கள். புது வீட்டில் எனக்கு நடந்த கூத்து இது. கொத்தனார் மேல் வாயைப் பூசும்போது ஒரு கரண்டிக் கலவை பைப்புக்குள் விழுந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்துக் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கீழ் பெண்டில் கலவை கல்லாகிக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அரை முழம் சுவரை மறுபடி உடைத்தோம். ஒரு பழைய துண்டைக் கிழித்துத் திணித்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

பூசுவது கொத்தனாருக்குத் தெரிந்த வேலைதான். காடியை நன்றாக நனைத்த பின், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில், இரண்டு தடவையாகப் பூச வேண்டும். முதல் பூச்சின் மேல் காடி அகலத்துக்குக் கோழிவலைக் கம்பியை வைத்துப் பூசினால் மயிர்க்கோடு விரிசல் குறையும். நான்கைந்து நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பட்டி பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் அவசரம் வேண்டாம். சுவர் முழுக்க வெளுத்து உலர்வதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்காலத்தில் அப்பளம்போல் எழும்பும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

சுவருக்குள் எங்காவது வயரை ஒட்டுப்போட்டாரா என்று கேளுங்கள். இணைப்பு என்பது பாக்ஸுக்குள், மூடியைத் திறந்தால் தெரியும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். சிவப்பு ஃபேஸுக்கும் கறுப்பு நியூட்ரலுக்கும் பச்சை எர்த்துக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் 230 வோல்ட் அளவில் வர வேண்டும். நியூட்ரல்-எர்த் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஃபேஸ்-எர்த்தில் ஒன்றும் வராவிட்டால் பச்சை வயர் எங்கேயும் சேரவில்லை என்று அர்த்தம். கடைசியாக, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும்.

அந்தச் சாக்கெட்டுக்கான சுவிட்சைக் கை எட்டும் போர்டில் வைக்கச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் கையைவிட்டுப் பிளக்கைப் பிடுங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில்தான் இதன் அருமை தெரியும். மின்னல் கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை. மாடியிலுள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் வழியாகவும் வரும். ஆகவே டிஷ் கேபிளை நேராக டிவியின் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிடாமல், செட்டாப் பாக்ஸைக் கீழ் அலமாரியில் வைத்து அங்கே முடியுங்கள். வானம் கறுத்ததும் ஒரு திருகு திருகிக் கழற்றிவிடலாம்.

கேபிளை இழுப்பது

எந்தக் கேபிளானாலும் சுவருக்குள் விடுவதற்கு முன் வெளியிலேயே இணைத்து ஒரு மாலை முழுக்கப் படம் பாருங்கள். 4கே படத்துக்கு விநாடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ ரகம் போதும். கேம் கன்சோலில் 120 ஃப்ரேம் வேண்டுமென்றால் 48 ஜிகாபிட் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’. ஐந்து மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ பற்றி யோசியுங்கள். ஆனால் அதற்கு ஒரு பக்கம் சோர்ஸ், மறுபக்கம் டிஸ்ப்ளே என்று திசை உண்டு. தலைகீழாக இழுத்துவிட்டால் படம் வராது. ஸ்மார்ட் டிவிக்கு ஒரு லேன் கேபிளும் சேர்த்து விடுங்கள். வைஃபை தடுமாறும் வீட்டில் அது கைகொடுக்கும். வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, முறிவதும் சீக்கிரம்.

இழுக்கும்போது தலைகள் ஒரே இடத்தில் சேர்ந்து வரக்கூடாது. ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி, ஒவ்வொன்றையும் கயிற்றோடு நாடாவால் சுற்றுங்கள். இழுவிசை கேபிளின் உடம்பில் விழ வேண்டும், தலையில் விழக்கூடாது. கேபிள் மேல் கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருவர் மேலிருந்து தள்ள, ஒருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் பலம் காட்டாமல் அரை அடி பின்வாங்கி மறுபடி இழுங்கள். கேபிளோடு சேர்த்து இன்னொரு நைலான் கயிறும் உள்ளே போகட்டும். அடுத்த முறை அதுதான் வழிகாட்டி. இரு பக்கமும் ஒரு முழம் கேபிள் மிச்சம் விடுங்கள், டிவியைக் கழற்றி முன்னால் சாய்க்க அது வேண்டும்.

கடைசியில் இரு வாயையும் பஞ்சால் லேசாக அடையுங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் இப்படியொரு கதகதப்பான சுரங்கம் வேறு எங்கே கிடைக்கும்?

வெட்ட முடியாதவர்களுக்கு

வாடகை வீட்டில் இருப்பவர்களும் கான்கிரீட் சுவர் உள்ளவர்களும் பிவிசி கேசிங் பட்டையைச் சுவரின் மேல் நேராக ஒட்டி, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிடலாம். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படாது. இங்கும் பவர் வயருக்குத் தனிப் பட்டைதான். டிவியின் வயர் சாக்கெட் வரை எட்டவில்லையென்றால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சாக்கெட்டை டிவிக்குக் கொண்டுவாருங்கள்.

சுவரை வெட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பைப்புகளைப் பதித்த பின், பூசுவதற்கு முன், அளக்கும் டேப்பைச் சுவரில் பிடித்தபடி படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, வலது மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்தில் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் படத்தை அச்செடுத்து மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். போன மாதம் அந்தச் சுவரில் சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்க வந்தவர் துளைபோடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தார்.